லெசோனுக்குத் தாமதமாக வந்தவளின் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

மொரீஷியஸில் பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யின் முடிவு வந்துவிட்டது. நான் லோரியட் (முதலிடங்களைப் பிடித்து அரசு உதவித்தொகை பெறுபவர்) ஆகவில்லை. அப்பாவின் கனவே அதுதான் என்று ரோஸ் ஹில்லில் எங்கள் தெருவுக்கே தெரியும். 800 மீட்டரில் நான்காவது இடம், அதனால் பதக்கமும் இல்லை. பிறகு எதற்கு நன்றி மடல்? இரண்டில் ஒன்றையும் பாதியில் விடவில்லையே, அதற்கு.

முதலில் கெமிஸ்ட்ரி சார். ரெதுயியில் மரிஸ் ஜுஸ்தேன் மைதானத்தில் பயிற்சி முடித்து பஸ் பிடித்து வருவதற்குள் லெசோன் (டியூஷனை இங்கே அப்படித்தான் சொல்வோம்) தொடங்கி இருபது நிமிடமாகியிருக்கும். தைல வாசனையோடு கடைசி பெஞ்சில் உட்காருவேன். ஒருநாளும் நீங்கள் முகம் சுளித்ததில்லை. பஃபர் (அமிலத்தன்மை சட்டென்று மாறாமல் தாங்கும் கரைசல்) பாடம் மண்டையில் ஏறாமல் நான் விழித்தபோது, "ரெண்டாவது சுத்துல உடம்புல அமிலம் ஏறுதில்ல? ரத்தத்துல இருக்கிற பைகார்பனேட் அத எப்படிச் சமாளிக்குது, எழுது" என்றீர்கள். அன்றிலிருந்து கடைசி இருநூறு மீட்டரில் எனக்கு அந்தச் சமன்பாடுதான் நினைவுக்கு வருகிறது. வேகம் என்னவோ கூடவில்லை சார்.

கோச், தைப்பூச விரதம் என்றதும் ஏன், எதற்கு என்று கேட்காமல் கடும் பயிற்சிகளைத் தள்ளி வைத்தீர்கள். காவடியன்று கோவிலுக்கே வந்து, வாழையிலையில் ஏழு கறியையும் ஒரு கை பார்த்தீர்கள். ரசத்தில்தான் கொஞ்சம் தடுமாற்றம்.

"ஓடுறவ எங்க பாஸாகப் போறா" என்ற ஆசிரியரின் பெயர் இங்கே வேண்டாம். நோட்ஸ் தந்த தோழிகளே, உங்களுக்குத் தனியாக தால் பூரி உண்டு.

அப்பா. "ஒலிம்பிக்ல நம்ம நாட்டுக்கு இதுவரைக்கும் ஒரே பதக்கம், 2008ல புரூனோ ஜூலி குத்துச்சண்டையில வாங்கின வெண்கலம். அத நம்பியா படிப்ப விடப்போற?" என்று கத்தினீர்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு என் ஸ்பைக்ஸின் (முள் வைத்த ஓட்ட ஷூ) அடிப்பாகம் பிய்ந்தது. உங்களிடம் சொல்லவில்லை. காலையில் எழுந்து பார்த்தால், பசை தடவி ஒட்டிய ஷூ மேல் அரிசி மூட்டை! முள்ளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு டம்ளரில் போட்டு வைத்திருந்தீர்கள். அதைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது பேசிவிட்டேன்.

மொரீஷியஸ் பல்கலைக்கழகமும் ரெதுயியில்தான், ட்ராக்கும் ரெதுயியில்தான். இனி தாமதத்துக்குச் சாக்கு இல்லை. பாட்டி, டப்பாவில் இரண்டு வாழைப்பழம் போதும். நான்கு வைத்தால் மீதி இரண்டு கண்டக்டருக்குத்தான் போகிறது.