சரசுவுக்கு, தெலுக் இந்தானிலிருந்து

அன்புள்ள சரசு,

உன் கடிதமும் பேத்தியின் படமும் கிடைத்தன. மூக்கு உன் மூக்கேதான், பாவம் குழந்தை. முட்டி வலிக்கு உனக்குக் கொடுக்கிற அதே மாத்திரையைத்தான் இங்கே எனக்கும் கொடுக்கிறார்கள், அதனால் அந்தப் புலம்பலை இத்தோடு விடுவோம். நம் தோட்டத்தில் கடைசி லயத்தையும், அதுதான் நாமெல்லாம் குடியிருந்த வரிசை வீட்டையும், இடித்துவிட்டார்கள். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களம் இருந்த இடத்தில் இப்போது கார் கழுவும் கடை. கோயில் மட்டும் தப்பித்தது.

சரி, மாப்பிள்ளை விஷயம். பூச்சிமருந்து அடிக்கிறவர்களின் இரத்தத்தைச் சோதிக்க அவர் தோட்டத்தில் கையடக்கக் கருவி வாங்கப் போகிறார்கள், இனி யாருக்கு விஷம் ஏறினாலும் உடனே தெரிந்துவிடும் என்கிறாராம். லேப்பிலேயே காலம் தள்ளிய நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். கருவி நல்ல கருவிதான். அந்த ‘உடனே தெரிந்துவிடும்’ என்பதோடுதான் எனக்குச் சண்டை.

நரம்பு தசைக்குச் சேதி சொல்ல அசிட்டைல்கோலின் என்ற பொருளை விடுகிறது. சேதி போய்ச் சேர்ந்ததும் அதை உடைத்துப் போடுவது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் வகைப் பூச்சிமருந்துகள் இந்த நொதியை முடக்கிவிடும். அப்புறம் நிறுத்துவதற்கு ஆளில்லை: எச்சில் ஊறும், வேர்த்துக் கொட்டும், வாந்தி வரும், கண்பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடிக்கும், முற்றினால் மூச்சே நின்றுபோகும். நல்லவேளை, அதே நொதி இரத்தச் சிவப்பணுக்களிலும் இருக்கிறது. அதனால் நரம்பின் நிலைமையை விரல்நுனி இரத்தத்தில் விசாரிக்க முடிகிறது.

லேப்பில் நாங்கள் செய்தது 1961இல் எல்மன் வெளியிட்ட முறை. நொதி வேலை செய்தால் கரைசல் மஞ்சளாகும். எவ்வளவு வேகமாக மஞ்சளாகிறது என்பதுதான் கணக்கு. புதிய உணர்கருவி சீனிநோய்க்குக் குத்திப் பார்க்கிறோமே, அந்த மாதிரி. பட்டையில் ஒரு சொட்டு இரத்தம் வைத்தால் அதிலுள்ள நொதி அசிட்டைல்தயோகோலினை உடைக்கும். அதில் உண்டாகும் தயோகோலின் மின்முனையில் மின்னோட்டம் தரும். ஓட்டம் குறைந்தால் நொதி முடங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் வெறும் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய? இந்த நொதி ஆளுக்கு ஆள் நிறைய வேறுபடும். இயற்கையாகவே அதிகம் உள்ளவருக்கு மூன்றில் ஒரு பங்கு போன பிறகும் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றே வரலாம். அதனால் மருந்தைத் தொடுவதற்கு முன்பே அவரவர் அளவை எடுத்து வைக்க வேண்டும். கலிபோர்னியாவில் இதற்கு விதியே உண்டு: தன் சொந்த அளவிலிருந்து 20 சதவீதம் குறைந்தால் வேலை செய்யும் முறையைச் சோதிக்க வேண்டும். சிவப்பணு நொதி 70 சதவீதத்துக்கோ இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலுள்ள நொதி 60 சதவீதத்துக்கோ இறங்கினால் ஆளை மருந்து வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். 80க்கு ஏறிய பிறகுதான் திரும்பலாம். சிவப்பணு நொதி நாளொன்றுக்குச் சுமார் 1 சதவீதம்தான் மீளும், ஆகவே வாரக்கணக்கில் வேறு வேலை தர வேண்டியிருக்கும். அந்த நாட்களுக்குச் சம்பளம் குறையாது என்று தோட்டம் எழுதித் தருமா? கேட்கச் சொல். குறையும் என்றால், கடன் வாங்கிக்கொண்டு வங்காளதேசத்திலிருந்து வந்த பையன் விரலையே நீட்டமாட்டான்.

இன்னொன்று, குத்துவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். விரலில் மருந்து ஒட்டியிருந்தால் அந்தச் சொட்டிலேயே நொதி முடங்கி, நல்ல ஆளும் நோயாளியாகத் தெரிவான். கார்பமேட்டில் நேர்மாறான சங்கடம்: சில மணி நேரத்தில் நொதி தானே விடுபடும், தாமதித்தால் ஒன்றும் நடக்காததுபோல் காட்டும். வெயிலில் நொதி வேகமாக வேலை செய்யும் என்பதால் வெப்பத்துக்குத் தக்கபடி திருத்தும் கருவிதானா என்றும் பார்க்க வேண்டும்.

முக்கியமானதை இப்போதுதான் சொல்கிறேன். செம்பனைத் தோட்டத்தில் அதிகம் அடிப்பது பூச்சிமருந்தல்ல, களையைக் கொல்லும் புல்லு மருந்து. நம் அம்மாக்கள் முதுகில் சுமந்த பாராகுவாட் இந்த நொதியைத் தாக்குவதே இல்லை. அது நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் எமன். நகம் கழன்றதும் மூக்கில் இரத்தம் வந்ததும் உனக்கு மறந்திருக்காது. 2002இல் தெனகானித்தா என்ற உரிமை அமைப்பு மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு மலேசிய அரசு பாராகுவாட்டை விலக்கத் தொடங்கியது, 2006இல் திரும்ப அனுமதித்தது, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை. இப்போதைய கிளைபோசேட்டில் பாஸ்பரஸ் இருந்தாலும் அதுவும் இந்த நொதியை முடக்குகிற ரகமில்லை. புல்லு மருந்து அடிக்கிறவனைக் குத்திப் பார்த்து ‘எல்லாம் நலம்’ என்று எழுதினால், அது ஆளுக்கல்ல, கம்பெனிக்குத்தான் பாதுகாப்பு.

கருவி உண்மையில் உதவுவது உலாட் புங்குஸ் என்கிற பைப்புழு வந்து ஓலையை அரிக்கும்போதுதான். மரத்தைத் துளைத்து ஆர்கனோபாஸ்பேட் மருந்தை ஊற்றுகிறார்களே, அந்தக் கும்பலுக்கு முதலில் செய்யச் சொல். ஸ்டோரில் உள்ள மருந்துகளின் பட்டியலை மாப்பிள்ளை அனுப்பினால், எதெது நொதியைத் தாக்கும் என்று நான் குறித்துத் தருகிறேன்.

சித்ரா பௌர்ணமிக்கு வருகிறாய்தானே? இரதம் பார்க்கக் கூட்டம் அள்ளும், பஸ்ஸுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, நேரிலேயே வாதாடலாம்.

அன்புடன்,
பாக்கியம்