சாப்பிட ஆரம்பித்த பிறகு வருகிற பசி: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

"சாப்பிடாமல் கிடந்தபோதுகூட இப்படிப் பசித்ததில்லை. டாக்டர் சொன்னபடி சாப்பிட ஆரம்பித்த பிறகு, கை கழுவின உடனே மறுபடி பசிக்கிறது. எனக்கு என்ன ஆகிவிட்டது?" என்று கேட்டிருந்தாய். புதிதாக எதுவும் ஆகவில்லை. அனோரெக்சியாவிலிருந்து, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கவைக்கிற மனநோயிலிருந்து, மீள்கிற நிறையப் பேருக்கு இந்தக் கட்டம் வரும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் பயந்துவிடுகிறார்கள்.

இந்தக் கடிதத்தில் கலோரிக் கணக்கும் கிலோக் கணக்கும் வராது. அந்த எண்கள் கையில் கிடைத்தால் நீ என்ன செய்வாய் என்று உனக்கே தெரியும்.

1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் பட்டினி பற்றி ஓர் ஆய்வைத் தொடங்கினார். போரில் ஆயுதம் எடுக்க மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடம்பும் மனசும் திடமாக இருந்தவர்கள். ஒல்லியாக வேண்டும் என்ற ஆசையெல்லாம் யாருக்கும் கிடையாது. 24 வாரம் அவர்களுக்கு வழக்கமான சாப்பாட்டில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது. கொஞ்ச நாளில் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்காக இழுத்தார்கள். காபியும் சுயிங்கமுமாகப் பொழுதை ஓட்டினார்கள். பிறகு சாப்பாட்டைக் கூட்டியபோதும் பசி தணியவில்லை. கட்டுப்பாடு நீங்கிய நாட்களில் வயிறு கொள்ளாத அளவு சாப்பிட்டுவிட்டு, இன்னும் பசிக்கிறது என்றவர்கள் உண்டு. அது அடங்க மாதங்கள் ஆனது. நடுராத்திரி நீ பிரியாணி வீடியோவாகப் பார்ப்பதும், வீட்டில் எல்லோருக்கும் கேக் செய்து கொடுத்துவிட்டு ஒரு துண்டுகூடத் தொடாமல் இருப்பதும் இதே பட்டினியின் வேலைதான். உன் குணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வயிறு நிரம்பியதை வயிற்றுச் சுவரில் இருக்கும் நரம்புகள் மூளைக்குச் சொல்கின்றன. உடம்பில் சேமிப்பு இருக்கிறதா என்பதைக் கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் சொல்கிறது. உனக்கு இப்போது லெப்டின் தாழ்ந்து கிடக்கிறது. அதனால்தான் வயிறு உப்பி நிற்கும்போதே மனசு சாப்பாட்டைச் சுற்றி வருகிறது. உப்புவதற்குத் தனிக் காரணம் உண்டு: பட்டினியில் இரைப்பை மந்தமாகி, உள்ளே போனது கீழே இறங்க நேரமாகும். இரண்டு இட்லிக்கே கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட மாதிரி இருக்கும். தவறாமல் சாப்பிட்டுவந்தால் சில வாரங்களில் இது சரியாகும். சாப்பிடாமல் ஓய்வு கொடுத்தால் சரியாகாது.

இதற்குமேல் படிப்பதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள். ரொம்ப இளைத்துப் போயிருந்தாலோ, பல நாள் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தாலோ, வேகமாக எடை இறங்கியிருந்தாலோ, சாப்பாட்டைக் கூட்டுவது மருத்துவர் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று மாவுச்சத்து போனால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் இழுக்கப்பட்டு, ரத்தத்தில் சட்டென்று குறையும். இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், உயிருக்கே ஆபத்து. முதல் இரண்டு வாரம்தான் அதிக கவனம் வேண்டிய காலம். ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுப்பதும், தயமின் (வைட்டமின் பி1) மாத்திரை கொடுப்பதும் இதற்காகவே. மூச்சு வாங்கினால், நெஞ்சு படபடத்தால், குழப்பமாக இருந்தால், கால் வேகமாக வீங்கினால் மறுநாள் ஓபி வரைக்கும் காத்திருக்காதே. அவசரப் பிரிவுக்குப் போ.

டாக்டர் சரி என்றபின், பசியை நம்பாமல் கடிகாரத்தை நம்பு. உன் பசி இப்போது சில நேரம் சத்தமே போடாது, சில நேரம் ஓயாது. இரண்டையும் வைத்து முடிவெடுக்க முடியாது. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் மூன்று சிற்றுண்டி. எந்த இடைவெளியும் மூன்று, மூன்றரை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. காலை 7.30, 10.30, மதியம் 1, மாலை 4, இரவு 7.30, படுக்குமுன் 9.30 என்று வைத்துக்கொள்ளலாம். அளவை உன் டயட்டீஷியன் எழுதித் தருவார். தட்டின் அமைப்பை மட்டும் நான் சொல்கிறேன்: சோறோ டிபனோ ஒரு பங்கு, பருப்பு அல்லது முட்டை அல்லது மீன், கண்ணுக்குத் தெரிகிற அளவு எண்ணெயோ நெய்யோ, காய், தயிர். ஐந்தும் இருக்க வேண்டும்.

தட்டில் ஏமாற்றுகிற வழிகள் உனக்கு அத்துப்படியாக இருக்கும். தோசைக்கு எண்ணெய் விடாமல் சுடுவது, தேங்காய்ச் சட்னியை ஒதுக்கிவிட்டு சாம்பாரை மட்டும் தொட்டுக்கொள்வது, முதலில் ரசமும் வெள்ளரிக்காயுமாக வயிற்றை நிரப்பிக்கொள்வது, தயிரைத் தண்ணி மோராக்குவது, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் பால் இல்லாத காபி. ஒவ்வொன்றும் பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருக்கும். கீரையும் சாலடும் வயிற்றில் இடத்தை அடைத்துக்கொள்ளும், சக்தி கொஞ்சம்தான் கிடைக்கும். வயிறு உப்புகிற இந்தக் காலத்தில் கொஞ்ச இடத்தில் நிறைய சக்தி தருகிறவைதான் வேண்டும்: பருப்புப் பொடி சாதத்தில் தாராளமாக நல்லெண்ணெய், கடலை உருண்டை, எள்ளுருண்டை, ஆடை எடுக்காத பாலில் வாழைப்பழம். 10.30 சிற்றுண்டிக்கு இதில் ஏதாவது ஒன்று நாலு வாயில் முடிந்துவிடும்.

ஒரு நாள் திட்டத்தைத் தாண்டிப் பசித்தால்? சாப்பிடு. நின்றுகொண்டு டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளாமல், தட்டில் வைத்து, உட்கார்ந்து சாப்பிடு. அதன்பிறகு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த வேளையை அதே நேரத்துக்கு, அதே அளவில் சாப்பிடுவது. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். "மதியம் அவ்வளவு சாப்பிட்டேனே, நாலு மணிக்கு வேண்டாம்" என்று விட்டால், ராத்திரி ஒன்பது மணிக்குக் கட்டுப்படுத்த முடியாத பசி வரும். அதைத் தின்று தீர்த்த குற்ற உணர்வில் மறுநாள் காலை டிபன் போகும். சுழல் ஆரம்பிப்பது ராத்திரி தின்றதில் இல்லை. நாலு மணிக்கு விட்டதில்.

இனி அந்தக் குற்ற உணர்வு. அது போன பிறகு சாப்பிடலாம் என்று காத்திருந்தால் அது போகவே போகாது. சாப்பாட்டைத் தள்ளிவைக்கும்போதெல்லாம் உனக்கு ஒரு நிம்மதி வருகிறதே, அந்த நிம்மதிதான் அதற்குத் தீனி. அது கூடவே இருக்கட்டும், நீ சாப்பிடு. சாப்பிட்ட முதல் ஒரு மணி நேரம்தான் மோசம். அந்த நேரத்தில் ஈடுகட்ட எதுவும் செய்யாமல் இருந்தால் தானாகத் தணியும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சீக்கிரம் தணியும். ஈடுகட்டுவது என்றால் வாந்தி மட்டும் இல்லை. மொட்டை மாடியில் நடப்பது, ஏற்கெனவே துடைத்த வீட்டை மறுபடி துடைப்பது, எடை பார்ப்பது, கண்ணாடி முன் வயிற்றைக் கிள்ளிப் பார்ப்பது, போனில் ஸ்டெப் எண்ணுவது எல்லாம் அதே கணக்குதான். எடை மெஷினை வீட்டிலிருந்து அனுப்பிவிடு. கிளினிக்கில் எண்ணைப் பார்க்காமல் திரும்பி நின்று எடை பார்க்கக் கேட்கலாம். பழகிய மருத்துவர்களுக்கு இது புதிதில்லை.

அந்த ஒரு மணி நேரத்துக்குச் சாப்பிடும் முன்பே ஏற்பாடு செய்துவை. கையும் கண்ணும் வேலை செய்கிற எதுவும் நல்லது: பூ கட்டுவது, எம்பிராய்டரி, தம்பியோடு கேரம். தனியாக இருக்காதே, பாத்ரூமுக்குப் போக வேண்டுமென்றால் சாப்பிடும் முன்பே போய்விட்டு வா. இடுப்பை இறுக்குகிற ஜீன்ஸ் வேண்டாம். வயிறு வலித்தால் நிமிர்ந்து உட்கார்ந்து வெந்நீர்ப் பை வைத்துக்கொள். "சாப்பிடாதே" என்று தலைக்குள் கேட்கிற நோயின் குரலோடு வாதாடாதே. உன்னைவிட நன்றாகப் பேசும்.

தப்பித் தவறி வாந்தி எடுத்துவிட்டால் உடனே பல் துலக்காதே, அமிலம் பட்ட எனாமல் தேய்ந்துவிடும். வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி பொறு. அடிக்கடி நடந்தால் பொட்டாசியம் குறையும், டாக்டரிடம் மறைக்கக் கூடாது. பேதி மாத்திரையில் ஒரு லாபமும் இல்லை: உணவின் சக்தியை அனேகமாகச் சிறுகுடலே உறிஞ்சி முடித்துவிடும், மாத்திரையால் போவது தண்ணீரும் உப்பும்தான். நிறுத்தும்போது உடம்பு நீர் கோத்து வீங்கும்; அதைச் சதை என்று நினைத்து மறுபடி மாத்திரைக்குப் போகிறவர்கள் உண்டு.

பூரி, வடை, நெய், மைதா என்று பயப்படுகிற உணவுகளைப் பயத்தின் வரிசையில் பட்டியல் போடு. நடுவில் இருப்பதிலிருந்து ஆரம்பி. ஒரே பண்டத்தை ஒரே வாரத்தில் மூன்று முறை, கூட ஒருவரை வைத்துக்கொண்டு சாப்பிடு. ஒரு தடவை சாப்பிட்டுவிட்டு மாதக்கணக்கில் தொடாமல் விட்டால் பயம் அப்படியே இருக்கும். பூரி சாப்பிடும் நாளில் மதியச் சோற்றைக் குறைத்தால் அது கணக்கில் சேராது.

விரதம் வேண்டாம். சஷ்டி, ஏகாதசி, ஆடி வெள்ளி எதுவும் இப்போது உனக்கில்லை. பட்டினிக்குப் பக்தி வேஷம் போட்டுவிட்டால் வீட்டில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது இந்த நோய்க்கு நன்றாகத் தெரியும். நோயாளிக்கு விரதம் கட்டாயமில்லை என்பது நம் வீட்டுப் பெரியவர்களும் ஒப்புக்கொள்கிற விஷயம். ரமலான் நோன்பிலும் நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. பேலியோ, இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்று போனில் வருகிற பக்கங்களையும் இன்றைக்கே நீக்கிவிடு. அவை அடுத்தவர்களுக்கு நல்லதா என்ற விவாதம் உனக்குத் தேவையில்லை.

"கொஞ்சம் சதை போட்டு இப்பத்தான் லட்சணமா இருக்கே" என்று ஏதாவது ஓர் அத்தை சொல்லத்தான் செய்வார். பாராட்டாகத்தான் சொல்வார்; உனக்குள் வேறு மாதிரி இறங்கும். "அத்தை, உடம்பைப் பத்தி வேண்டாமே, வேற பேசலாம்" என்ற ஒரு வரியை இப்போதே சொல்லிப் பழகு. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் உனக்காக அவரே சொல்லிவிடுவார். அம்மாவுக்கும் ஒரு வேலை: தட்டு முடியும்வரை கூட உட்கார்ந்திருப்பது, சீரியலோ பக்கத்து வீட்டுக் கதையோ பேசுவது, "இன்னும் ஒரு வாய்" என்று கெஞ்சாமல் இருப்பது.

முதல் வாரங்களில் முகமும் காலும் லேசாக வீங்கும், ராத்திரி வியர்க்கும், சதை முதலில் வயிற்றைச் சுற்றியே சேரும். மீட்சியில் நின்றால் அது மெல்ல மெல்ல உடம்பெங்கும் பரவிவிடும். வயிற்றைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்துவதுதான் பெரிய நஷ்டம். மாதவிடாய் திரும்பிவிட்டாலும் திட்டத்தை நீயாகக் குறைக்காதே, டயட்டீஷியனைக் கேள்.

ராத்திரி ஒரு மணிக்குக் குரல் தாங்க முடியாமல் போனால், அல்லது வாழவே வேண்டாம் என்று தோன்றினால், வீட்டில் யாரையாவது எழுப்பு. அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மனநல மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது ஒரு வாரத்தின் ஆறு வேளைகளையும் நேரம் போட்டு எழுதி எடுத்துக்கொண்டு போ: சாப்பிட்டது, விட்டது, அதன்பின் என்ன செய்தாய் என்பது மட்டும் போதும். விட்ட வேளைகளையும் எழுது, மருத்துவர் முதலில் தேடுவது அதைத்தான்.

அன்புடன்,
அக்கா