தேனீ சொல்வது எப்படித் தெரிந்தது என்பதையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலூர் வட்டத்தில் உள்ள ஓர் ஊர்ப்புற நூலகத்தில், ஞாயிறுதோறும் காலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துத் தங்கள் நாளிதழை உரக்க வாசித்துக் காட்டி வருகிறேன். அவர்கள் முதலில் கேட்பது அறிவியல் துணுக்குகளைத்தான். அந்தத் துணுக்குகளைப் பற்றியே இக்கடிதம்.

சில வாரங்களுக்கு முன், தேனீக்கள் நடனமாடிப் பேசிக்கொள்ளும் என்று மூன்று வரியில் ஒரு துணுக்கு வந்திருந்தது. அதில் பிழை ஏதுமில்லை. ஆனால் நான் வாசித்து முடித்ததும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், "கூட்டுக்குள்ள இருட்டா இருக்குமேக்கா, ஆடுறத மத்த தேனீ எப்படிப் பாக்கும்? அது பேச்சுதான்னு யாரு கண்டுபிடிச்சா?" என்று கேட்டான். இரண்டு கேள்விக்கும் அந்த மூன்று வரியில் விடை இல்லை. வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டி, அடுத்த ஞாயிறு அவனுக்குச் சொன்னதைத் தங்களுக்கும் எழுதுகிறேன். ஏனெனில் துணுக்கைவிட அதுதான் பிள்ளைகளைக் கட்டிப்போட்டது.

கார்ல் வான் ஃபிரிஷ் என்ற ஆஸ்திரிய அறிஞர் கண்ணாடிச் சுவர் வைத்த கூட்டில் தேனீக்களை வளர்த்தார். வெளியே தட்டில் சர்க்கரைத் தண்ணீர் வைத்து, குடிக்க வந்த தேனீக்களின் முதுகில் வண்ணப் பொட்டுகள் இட்டு, அவை கூடு திரும்பி என்ன செய்கின்றன என்று கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். வட்டமாகச் சுற்றும் ஆட்டம் பூந்தேனையும், வயிற்றை ஆட்டிக்கொண்டு நேராக ஓடும் ஆட்டம் மகரந்தத்தையும் குறிக்கும் என்று 1920-களில் எழுதினார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்துத் தட்டைத் தொலைவில் வைத்துச் சோதித்தபோது, வேறுபாடு உணவில் அன்று, தூரத்தில்தான் என்று தெரிந்தது; தாம் முன்பு எழுதியது தவறு என்று அவரே அறிவித்தார். செங்குத்தாகத் தொங்கும் அடையில் அந்த நேர் ஓட்டம் மேல்நோக்கி இருந்தால் உணவு சூரியன் இருக்கும் திக்கில் இருக்கிறது. வலப்புறம் 60 பாகை சாய்ந்திருந்தால் சூரியனுக்கு வலப்புறம் 60 பாகையில் இருக்கிறது. ஓட்டம் நீடிக்க நீடிக்கத் தொலைவும் கூடும். சுமாராக ஒரு நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கொள்ளலாம். இதற்காக அவருக்கு 1973-இல் நோபல் பரிசு, வேறு இருவரோடு சேர்த்து, வழங்கப்பட்டது. இருட்டைப் பற்றிப் பையன் கேட்டதும் சரியான கேள்வியே: மற்றத் தேனீக்கள் ஆடுபவளைப் பார்ப்பதில்லை, உணர்கொம்புகளால் தொட்டும், அவள் இறக்கையின் அதிர்வால் எழும் காற்றசைவை உணர்ந்தும் செய்தியை வாங்கிக்கொள்கின்றன.

தங்கள் துணுக்கு சொல்லாமல் விட்ட இன்னொன்றும் உண்டு. எனக்கு அதுவே பெரிய குறையாகப் படுகிறது. இந்த ஆட்டத்தைப் பார்க்க நம் ஊரில் கண்ணாடிக் கூடே தேவையில்லை. வேலியிலும் மாதுளையிலும் உள்ளங்கை அளவில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ, கொம்பைத் தழுவி அடையின் மேற்புறத்தைத் திண்ணைபோல் அகலமாக்கி, அந்தத் திண்ணையில் பட்டப்பகலில் ஆடுகிறது. அதன் ஓட்டம் உணவு இருக்கும் திக்கையே நேராகக் காட்டும் என்பதை வான் ஃபிரிஷின் மாணவர் மார்ட்டின் லிண்டௌவர் 1950-களில் பக்கத்து நாடான இலங்கைக்கு வந்து கண்டறிந்தார். எங்கள் நூலகத்தின் பின்புறம் நிற்கும் மாதுளைச் செடியில் அப்படியோர் அடை இருக்கிறது. நான்கடி தள்ளி நின்று பார்த்தோம். ஒரு தேனீ வந்து இறங்கியது, வயிறு நடுங்க ஒரு விரற்கடை தூரம் நேராக ஓடியது, வலப்புறம் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்தது, மீண்டும் அதே திக்கில் ஓடி இடப்புறம் சுற்றியது. அந்தத் திக்கில் முருங்கைத் தோட்டம் பூத்திருந்தது. பிள்ளைகள் கூவினார்கள். அதே பையன் மட்டும், "அங்கதான் போயிட்டு வருதுன்னு எப்படிச் சொல்றது? பொட்டு வச்சுப் பாக்கணும்" என்றான். வான் ஃபிரிஷ் செய்ததும் அதைத்தானே!

பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரிச்சானைத் தங்கள் பக்கத்தில் 'பிளாக் டிராங்கோ' என்றும், தவிட்டுக்குருவியைப் 'பேப்ளர்' என்றும் அச்சிடுகிறீர்கள். அந்த இரண்டையும் தினமும் பார்க்கும் பிள்ளைக்கு அவை ஏதோ வெளிநாட்டுப் பறவைகளாகத் தோன்றுகின்றன. யானை பிளிறும், மயில் அகவும், ஆந்தை அலறும், காகம் கரையும், வண்டு முரலும் என்று ஒவ்வோர் உயிரின் குரலுக்கும் தனி வினை வைத்திருக்கும் மொழி நம்முடையது. தொடக்கப்பள்ளியிலேயே ஒலிமரபு என்று அதைக் கற்பிக்கிறோம். அந்த மரபிலிருந்தே அறிவியலுக்கு வழி இருக்கிறது. பிளிறுவது நம் காதுக்கு எட்டும் குரல் மட்டுமே. 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக் காட்சிசாலையில் ஆசிய யானைகளின் அருகே நின்ற கேட்டி பெயின் என்ற ஆய்வாளர், ஒலி ஏதும் கேட்காமலே காற்று அதிர்வதை உடலில் உணர்ந்து, ஒலிப்பதிவு செய்து, மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் அவை பேசுவதைக் கண்டுபிடித்தார். குயில் விஷயத்தில் நாம் வழக்கத்தைத் திருத்திக்கொள்ளவும் வேண்டும். பாட்டிலும் கதையிலும் பெண்ணாகவே வரும் அந்தக் குயிலில், 'குக்கூ' என்று கூவுவது கரிய ஆண். புள்ளி போட்ட பெண்ணின் குரல் 'கிக் கிக்' என்று வெட்டி வெட்டி வரும்.

திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், கல்கத்தா ஆங்கில நாளிதழ் ஒன்றில் 1950 முதல் 1996-இல் மறையும்வரை இயற்கையைப் பற்றி ஒரே பத்தியைத் தொடர்ந்து எழுதினார். மதுரையிலிருந்து வரும் தமிழ் நாளிதழில் அத்தகைய ஒரு பத்திக்கு வாரம் அரைப்பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன். பத்துத் துணுக்குகள் வேண்டாம்; ஒரே உயிர் போதும், அதைப் பற்றி யார் எப்படிக் கண்டறிந்தார் என்பதோடு. 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. எழுத வேண்டிய உயிர்களுக்குப் பஞ்சமில்லை.

முருங்கை இன்னும் பூத்திருக்கிறது. தங்கள் செய்தியாளர் வருவதானால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள், வெயில் ஏறுமுன் வரச்சொல்லுங்கள். எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் காட்டுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.