கவச உடை டெண்டரும் ஒரு 'லாம்' விகுதியும்

மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்துக்கு வணக்கம்.

திருப்பூரில் பனியன் தைத்துப் பிழைக்கும் சின்ன யூனிட் எங்களுடையது. 2020 ஏப்ரலில் கொரோனாவால் ஊரே அடங்கிக் கிடந்தபோது, மருத்துவமனைக்காரர்கள் போடும் கவச உடை (பிபிஇ) தைக்க இறங்கினோம். ஊசித் துளை வழியே ரத்தம் கசியக் கூடாதென்பதால் ஒவ்வொரு தையல் மேலும் சூட்டில் டேப் ஒட்ட வேண்டும். அந்த மெஷினைக் கடனில்தான் வாங்கினோம். கோவையில் உள்ள சிட்ரா ஜவுளி ஆராய்ச்சி மையத்தின் செயற்கை ரத்தச் சோதனையில் முதல் சாம்பிள் தேறவில்லை, இரண்டாவது தேறியது. மே மாதத்துக்குள் நாட்டில் நாளொன்றுக்கு 2 லட்சம் உடைகள் தயாராவதாகப் பிரதமரே சொன்னார்.

இன்று அந்த மெஷின் சாக்குப் போர்த்தி நிற்கிறது.

உங்கள் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை நல்ல ஆணைதான். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் 25 சதவீதக் கொள்முதலை எங்களைப் போன்றவர்களிடம் செய்ய வேண்டும், இஎம்டி எனும் டெண்டர் முன்பணம் கிடையாது, குறைந்த விலையைவிட 15 சதவீதத்துக்குள் கேட்டிருந்தால், அதே விலைக்கு இறங்கி ஒரு பங்கைப் பெறலாம். ஆனால் டெண்டரைத் திறந்தால் மூன்று வருட அனுபவமும் கோடிக்கணக்கில் டர்ன்ஓவரும் கேட்கிறார்கள். தரம் குறையாதபட்சத்தில் இவற்றைத் தளர்த்தலாம் என்கிறீர்கள். அந்த 'லாம்' போதும், எங்களை வாசலிலேயே நிறுத்த.

கவச உடைக்காவது அதைத் 'தளர்த்த வேண்டும்' என்று மாற்றுங்கள். தரத்தில் சலுகை கேட்கவில்லை. டாக்டரும் நர்சும் போடும் உடை. கவச உடைக்கான ஐஎஸ் 17423 என்ற இந்தியத் தரத்துக்குத் தேறாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

பணமும் அப்படித்தான். ஒரு அரசு மருத்துவமனை எட்டு மாதம் இழுத்தது. 45 நாளுக்குள் தர வேண்டுமென்ற சட்டம் 2006லேயே வந்துவிட்டது. இப்போது தனியார் கம்பெனி தாமதித்து, வருட முடிவுக்குள்ளும் தராவிட்டால் அந்த வருடம் அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது. வரியே கட்டாத அரசு மருத்துவமனைக்கு என்ன பயம்? வட்டி கேட்டு வழக்குப் போடலாம்தான். போட்டால் அடுத்த ஆர்டர் தருவார்களா?

இரண்டு வருட ஒப்பந்தமாக மாதம் ஆயிரம் உடை கொடுத்தாலும் போதும், ஆட்கள் கலையமாட்டார்கள். டேப்பை நெளியாமல் ஒட்டப் பழக ஒருவருக்கு மூன்று வாரம் ஆகும். பழகிய ஆறு பேரில் நாலு பேர் வேறு யூனிட்களில் பவர் டேபிள் தையல் வேலைக்குப் போய்விட்டார்கள். மற்ற இருவரும் என்னிடம்தான் இருக்கிறார்கள், பனியன் மடித்துக்கொண்டு.

இப்படிக்கு,
திருப்பூர் சிறுதொழில்காரர் ஒருவர்