ஸ்டிரக்சர் கோப்புகள் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். தருமபுரி நான்கு ரோட்டை அடுத்த எங்கள் தட்டச்சு, அச்சு, பைண்டிங் கடைக்கு ஆய்வேடு, வினாத்தாள், பயிற்சி மையக் குறிப்பு என்று ஏதேனும் ஒரு வேலையோடு வந்துபோகும் தங்களில் பலருக்கு இந்த மடல் எதைப் பற்றியது என்பது இதற்குள் தெரிந்திருக்கும். வேதியியல் ஆய்வு மாணவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சில வாரங்களாக ஒரு குரல் பதிவு சுற்றிவருகிறது. எங்களிடம் வரைந்து வாங்கிய மூலக்கூறு ஸ்டிரக்சர்களை, அதாவது மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் படங்களை, வெளியில் எங்கும் திருத்த முடியவில்லை என்றும், ஒவ்வொரு திருத்தத்துக்கும் எங்களிடமே திரும்பி வந்து பணம் கட்ட வேண்டும் என்பதற்காகவே நாங்கள் கோப்பைப் பூட்டித் தருகிறோம் என்றும் அதில் சொல்லப்படுகிறது. விலை கூடுதல் என்றோ, கேட்ட நேரத்தில் வேலை முடிவதில்லை என்றோ சொல்லியிருந்தால் இப்படி ஒரு மடல் எழுத உட்கார்ந்திருக்க மாட்டோம்; அவை எந்தக் கடையிலும் எழுகிற பேச்சு. இது எங்கள் நாணயத்தைத் தொடுகிற பேச்சாக இருப்பதால் சற்று விரிவாகவே விளக்க வேண்டியிருக்கிறது. பொறுமையோடு படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வேர்டு மென்பொருளுக்கு ஒரு மூலக்கூறை அதன் வேதியியலோடு வைத்துக்கொள்ளத் தெரியாது. எழுத்து, அட்டவணை, படம், சமன்பாடு ஆகியவைதான் அதற்குத் தெரிந்தவை. ஆகவே பென்சீன் வளையம் ஒன்றை ஆய்வேட்டுக்குள் கொண்டுவர வெளியிலிருந்து ஒரு துணை வேண்டியிருக்கிறது. மூலக்கூறு வரையும் மென்பொருளான கெம்டிராவில் வரைந்து ஒட்டினால், வேர்டு அதை இரண்டு பகுதியாக வைத்துக்கொள்கிறது: கண்ணுக்குத் தெரியும் படம் ஒன்று, அதன் பின்னால் கெம்டிராவுக்கு மட்டுமே புரியும் தரவு ஒன்று. அந்தப் படத்தின் மேல் இருமுறை சொடுக்கும்போது, கணினியில் கெம்டிரா இருந்தால் திறக்கும். இல்லையென்றால் உரிய மென்பொருளைக் காணவில்லை என்று வேர்டு ஒரு செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அந்தச் செய்தியைப் பூட்டு என்று புரிந்துகொண்டவர்கள் இதற்கு முன்பும் சிலர் எங்களிடம் வந்திருக்கிறார்கள். நேரில் வந்து கேட்டதால் நேரிலேயே விளக்க முடிந்தது.

நாங்கள் இப்போது பெரும்பாலும் பயன்படுத்துவது கெம்ஃபோர்வேர்டு என்ற ஆட்-இன், அதாவது வேர்டோடு சேர்ந்து இயங்கும் துணை நிரல். மைக்ரோசாஃப்ட்டின் ஆராய்ச்சிப் பிரிவும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மர்ரே-ரஸ்ட்டின் குழுவினரும் சேர்ந்து உருவாக்கி 2010இல் வெளியிட்ட இந்த ஆட்-இன், பின்னர் திறந்த மூல நிரலாக்கப்பட்டு இன்றுவரை இலவசமாகவே கிடைக்கிறது. வேர்டின் மேல்பட்டையிலேயே தனக்கென ஓர் இடம் பிடித்துக்கொண்டு, அங்கேயே வரையவும் திருத்தவும் வசதி தருகிறது. பெயரைக் கொடுத்தால் பப்கெம் போன்ற தரவுத்தளங்களில் தேடி ஸ்டிரக்சரைக் கொண்டுவரும். ஐயுபிஏசி எனப்படும் பன்னாட்டு வேதியியல் பெயரிடும் முறைப்படி அமைந்த பெயராக இருந்தால் பெயரிலிருந்தே வரைந்து தரும். வரைந்த மூலக்கூறை சிஎம்எல் எனப்படும் வேதியியல் குறிமொழியில் எழுதி, அதே டாக்எக்ஸ் (வேர்டின் இன்றைய கோப்பு வடிவம்) கோப்புக்குள் ஓர் ஓரமாக வைத்துவிடுகிறது. தாங்கள் பக்கத்தில் பார்ப்பது அந்தக் குறிப்பிலிருந்து எழுந்த படம்.

இதை எங்கள் சொல்லை நம்பி ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நாங்கள் தந்த கோப்பை ஒரு நகல் எடுத்து, அதன் பெயரின் இறுதியில் உள்ள டாக்எக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். டாக்எக்ஸ் என்பதே பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு பொதிதான் என்பதால் அது சாதாரண ஃபோல்டராக விரியும். உள்ளே 'கஸ்டம்எக்ஸ்எம்எல்' என்ற ஃபோல்டரில் இருக்கும் கோப்புகளை நோட்பேடில் திறந்தால், அவற்றில் ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு வரி இருப்பதைக் காணலாம்: எந்தத் தனிமம் என்பதும், 'எக்ஸ்2', 'ஒய்2' என்ற பெயர்களில் அது தாளில் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும் இரண்டு எண்களும் அதில் இருக்கும். அணுக்களுக்குக் கீழே பிணைப்புகள். எந்த இரண்டு அணுக்களுக்கு இடையே, ஒற்றையா இரட்டையா என்பது வரை எழுதப்பட்டிருக்கும். கடவுச்சொல் எதுவும் கேட்காது. பூட்டித் தர நினைக்கிறவர்கள் இப்படி நோட்பேடில் படிக்கும்படி எழுதி உள்ளே வைப்பார்களா என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்கலாம்.

அப்படியானால் அந்த மாணவருக்கு ஏன் திருத்த வரவில்லை என்ற கேள்வி நியாயமானது. அவருடைய நண்பர் ஒருவர் பெருந்தன்மையோடு அந்தக் கோப்பை எங்களுக்கு அனுப்பிவைத்ததால் அதற்கும் விடை கிடைத்தது. மாவிலையில் இருக்கும் மேஞ்சிஃபெரின் என்ற இயற்கைச் சேர்மத்தைப் பற்றிய ஆய்வேடு அது. கிருஷ்ணகிரிப் பக்கத்து மாணவர்கள் எடுத்துக்கொள்ளப் பொருத்தமான தலைப்பு. மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் நாங்கள் தட்டச்சு செய்து தந்திருந்தோம். மற்ற அத்தியாயங்கள் வேறு வேறு இடங்களில் உருவானவை. எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கும் வேலை நண்பர் ஒருவரின் மடிக்கணினியில் நடந்திருக்கிறது. அதில் இந்த ஆட்-இன் இல்லை. அத்தியாயத்தை முழுவதுமாகத் தெரிவுசெய்து இன்னொரு கோப்பில் ஒட்டும்போது எழுத்தும் படமும் உடன் போகும், ஓரத்தில் இருக்கும் சிஎம்எல் குறிப்பு உடன் போகாது. வேர்டு இயங்கும் விதம் அது. அந்த முழு ஆய்வேட்டை ஜிப்பாக விரித்துப் பார்த்தபோது மேஞ்சிஃபெரினின் படம் அழகாக இருந்தது. அதன் 19 கார்பன்களில் ஒன்றுக்குக்கூடக் குறிப்பு இல்லை. அதே மூன்றாம் அத்தியாயத்தின் மூலக் கோப்பை ஆட்-இன் உள்ள எங்கள் கணினியில் திறந்தபோது, குளுக்கோஸ் பகுதியின் ஹைட்ராக்சில்கள் உட்பட அனைத்தையும் திருத்த முடிந்தது. இதை அந்த நண்பர் முன்னிலையிலேயே செய்துகாட்டினோம். இந்த விளக்கத்தையும் அதே வாட்ஸ்அப் குழுவில் யாராவது பகிர்ந்தால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

இதே போன்ற இழப்பு வேறு சில வழிகளிலும் நேர்கிறது. சில அலுவலகங்கள் இன்னும் பழைய டாக் வடிவத்தில்தான் கோப்பைக் கேட்கின்றன. அந்த வடிவத்தில் சேமித்தவுடன் ஸ்டிரக்சர் வெறும் படமாகிவிடும். மறுபடி டாக்எக்ஸாகச் சேமித்தாலும் போனது திரும்பாது. கூகுள் டாக்ஸ் வடிவத்துக்கு மாற்றி மீண்டும் இறக்கினாலும் படமே மிஞ்சும். கைப்பேசியிலும், ஆப்பிள் கணினியிலும், இணைய உலாவியில் திறக்கும் வேர்டிலும் இந்த ஆட்-இன் இயங்காது. விண்டோஸ் கணினியில் நிறுவிய வேர்டு வேண்டும். ஆகவே அத்தியாயங்களை ஒன்று சேர்க்கும் முன்பு ஒரு வார்த்தை எங்களைக் கேளுங்கள், அல்லது ஆட்-இன்னை அதன் தளத்திலிருந்து இறக்கித் தங்கள் கணினியிலும் நிறுவிக்கொள்ளுங்கள். நிறுவித் தர எங்களிடம் கட்டணம் கிடையாது. ஆட்-இன்னை இவ்வாறு ஊரெல்லாம் நிறுவித் தருகிற கடையைத்தான் பூட்டுகிற கடை என்கிறார்கள்.

நீண்ட நாள் வாடிக்கையாளர்களான பள்ளி ஆசிரியர்களுக்கு 2018 ஜனவரியில் நடந்தது நினைவிருக்கலாம். வேர்டில் ஆண்டுக்கணக்காக இருந்த ஈக்குவேஷன் எடிட்டர் 3.0 என்ற பகுதியைப் பாதுகாப்புக் குறை காரணமாக மைக்ரோசாஃப்ட் அந்த மாதத்துப் புதுப்பித்தலில் நீக்கிவிட்டது. பழைய கணித, இயற்பியல் வினாத்தாள்களில் சமன்பாடுகள் கண்ணுக்குத் தெரிந்தன, தொட்டால் திறக்கவில்லை. ஸ்டிரக்சர்களின் கதையும் ஏறத்தாழ அதுதான்.

கெம்டிராவையே தொடர்ந்து பயன்படுத்தலாமே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அதன் வரைதல் தரத்தில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஓர் அணுவுக்குப் பொருந்தாத இணைதிறன் வந்தால், அதாவது கார்பனுக்கு ஐந்தாவது கை முளைத்துவிட்டால், அது சிவப்புக் கட்டமிட்டுக் காட்டிவிடும். அமெரிக்க வேதியியல் சங்கத்தின் இதழ்களுக்கான 'ஏசிஎஸ் டாக்குமெண்ட் 1996' என்ற அதன் அமைப்பில் பிணைப்பு நீளம் 0.508 செ.மீ., கோட்டின் தடிமன் 0.6 புள்ளி, எழுத்து ஏரியல் 10 என்று எல்லாம் வரையறுக்கப்பட்டிருப்பதால் முதல் பக்கத்து வளையமும் இருநூறாம் பக்கத்து வளையமும் ஒரே அளவில் நிற்கும். ஆனால் அதன் உரிமக் கட்டணம் எங்களைப் போன்ற சிறு கடைக்குத் தாங்குவதாக இல்லை. கெம்ஸ்கெட்ச் என்ற இன்னொரு வரைதல் மென்பொருளின் இலவசப் பதிப்பைச் சிலர் கைகாட்டுகிறார்கள். அது கல்விக்கும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் உரியது. மாணவர் தம் அறையில் தாராளமாகப் பயன்படுத்தலாம், கூலிக்கு வரைகிற கடை பயன்படுத்தலாகாது. சட்டத்துக்கு உட்பட்டுத் தொழில் செய்ய நினைத்ததால்தான் கெம்ஃபோர்வேர்டுக்கு வந்தோம்.

அடுத்து, ஆட்கள் விஷயம். எங்கள் கடையின் ஸ்டிரக்சர் வேலைக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தவர், வேதியியல் முதுகலை முடித்துவிட்டு எங்களிடம் பணியாற்றிய பெண் என்பது தாங்கள் அறிந்ததே. ஷிஃப் பேஸ் அணைவுச் சேர்மங்களை (கரிமச் சேர்மம் ஒன்று நைட்ரஜன் வழியே உலோகத்தோடு பிணைந்தவை) கொண்டுவருபவர்கள் அவரைத் தேடியே வருவார்கள். நைட்ரஜனிலிருந்து உலோகத்துக்குப் போகும் அம்பைக் கைப்பிரதியில் விட்டிருந்தாலும் கேட்டு வாங்கிச் சேர்த்துவிடுவார். அவருக்கு ஓசூரில் ஒரு மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை கிடைத்துவிட்டது. படித்த படிப்புக்கு ஏற்ற வேலை; மனதார வாழ்த்தி அனுப்பினோம். இப்போது வரைபவர்கள் இருவரும் கணினியில் தேர்ந்தவர்கள், வேதியியல் படித்தவர்கள் அல்லர். கொடுத்தது கொடுத்தபடி வரையப்படும். ஆகவே கைப்பிரதியில் ஆப்பும் கோடிட்ட ஆப்புமாக வரும் பிணைப்புகளை (தாளுக்கு முன்னே வருவதையும் பின்னே போவதையும் காட்டுபவை) தெளிவாகப் போடவும், முடிந்தால் சேர்மத்தின் முழுப் பெயரையும் பக்கத்தில் எழுதித் தரவும் வேண்டுகிறோம். பெயரை வைத்துத் தேடும்போது ஒரே சேர்மத்துக்கு முப்பரிமாணக் குறிப்பு உள்ளதும் இல்லாததுமாக வெவ்வேறு பதிவுகள் வரக்கூடும். மஞ்சளிலிருந்து வரும் குர்குமினையே எடுத்துக்கொண்டால் கீட்டோ வடிவமும் ஈனால் வடிவமும் உண்டு. எது வேண்டும் என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். மெய்ப்பைப் பார்த்துக் கையொப்பமிட்டுத் தந்தபின் அச்சுக்குப் போகும்.

தமிழ்வழி வினாத்தாள் தரும் ஆசிரியர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தாள் முழுவதையும் தெரிவுசெய்து எழுத்துருவை மாற்றினால், சல்ஃப்யூரிக் அமிலத்தின் வாய்ப்பாடு பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். ஆட்-இன் வழியே படமாக வைத்த ஸ்டிரக்சர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி இடம் தரும் யுனிகோடுக்கு மாறிவிட்டால் தொல்லையே இல்லை. எத்தனை முறை சொன்னாலும் கேட்காத சில ஐயாக்களிடம் இதை மீண்டும் உரிமையோடு சொல்கிறோம்.

மின்கட்டணம், டோனர், தாள் எல்லாம் ஏறியிருப்பதை ஒட்டி, தை முதல் நாளிலிருந்து ஒரு ஸ்டிரக்சருக்கு 15 ரூபாயாக இருந்த கட்டணம் 25 ரூபாயாகிறது. ஆட்-இன்னுக்கு முந்தைய பழைய கோப்புகளில் திருத்தம் கேட்பவர்களுக்கும் இதே கட்டணம் பொருந்தும். தட்டச்சுக்கும் பைண்டிங்குக்கும் மாற்றமில்லை.

எம்.ஃபில். என்னும் ஆய்வுப் படிப்பைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் கைவிட்டபின் இப்படிப்பட்ட கடைகளுக்கு வேலை எவ்வளவு குறைந்திருக்கும் என்பதைத் தாங்களே அறிவீர்கள். அப்படியிருந்தும் கடை நடப்பதற்குக் காரணம் தாங்கள்தான். காலாண்டு, அரையாண்டு என்று ஒவ்வொரு தேர்வுக்கும் பென்னாகரத்திலிருந்து பேருந்தில் வினாத்தாள் கட்டோடு வந்து, மெய்ப்பு முடியும்வரை டீ குடித்தபடி காத்திருக்கும் ஆசிரியர்களையும், பைசுஅள்ளியிலிருந்து மழையில் நனையாமல் சட்டைக்குள் பென் டிரைவை வைத்துக்கொண்டு வரும் மாணவர்களையும், தம் ஆய்வேட்டோடு நிறுத்தாமல் அடுத்த ஆண்டு தம் இளையவர்களையும் எங்களிடம் அனுப்பிவைக்கும் ஊத்தங்கரை, அரூர் அன்பர்களையும் நன்றியோடு நினைக்கிறோம். குரல் பதிவைக் கேட்டவுடன் அதை நம்பாமல் எங்களை அழைத்து விசாரித்தவர்கள் பலர். அந்த அழைப்புகள் எங்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தன என்பதை எழுத்தில் சொல்ல இயலவில்லை.

இனி ஒவ்வொரு வேலையும் இரண்டு கோப்புகளாகத் தரப்படும்: அச்சுக்கும் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பிப்பதற்கும் பிடிஎஃப், திருத்தத்துக்கு டாக்எக்ஸ். டாக்எக்ஸ் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கேட்காமல் பென் டிரைவிலோ மின்னஞ்சலிலோ பெற்றுக்கொண்டு, ஒரு நகலைத் தொடாமல் வைத்திருக்கவும். ஜிப்பாக விரித்துப் பார்ப்பதைக் கண்ணால் காண விரும்புவோர் ஞாயிறு தவிர எந்த நாளிலும் மாலை ஐந்து மணிக்கு மேல் தங்கள் கோப்போடு கடைக்கு வரலாம். வேறு கடையில் செய்த கோப்பாக இருந்தாலும் பார்த்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
கணினித் தட்டச்சு மற்றும் பைண்டிங் நிலையம்,
நான்கு ரோடு அருகில், தருமபுரி.