கரியனுக்கு முதலில் வலி அடங்கட்டும்

அன்புள்ள கமலா,

உன் மின்னஞ்சலை இப்போதுதான் படித்தேன். மகளுக்கு வேலை கிடைத்த செய்தியைக் கடைசி வரியில் ஒதுக்கிவிட்டு, மீதி முழுவதும் பல் எடுத்த உன் பூனை கரியனைப் பற்றியே எழுதியிருக்கிறாய். அவளுக்கு என் ஆசிகளைச் சொல், தனியாகவும் எழுதுகிறேன். இப்போது கரியன்.

தட்டருகே ஓடி வருகிறான், முகர்கிறான், தலையை உதறிவிட்டுத் திரும்பிப் போகிறான், பிடிவாதம் பிடிக்கிறான் என்கிறாய். அது பிடிவாதம் இல்லை, கமலா. பசி அவனைத் தட்டுவரை கொண்டுவருகிறது. வலி திருப்பி அனுப்பிவிடுகிறது. எங்கள் பூனை செல்லிக்கு ஈறு அழற்சி முற்றி எல்லாப் பற்களையும் எடுத்தபோது இதையேதான் பார்த்தேன். ஆகவே உணவை மாற்றி மாற்றி வைப்பதற்கு முன்னால் மருத்துவரை அழைத்து, வலி மருந்து போதுமா என்று கேள். உதட்டை ஓயாமல் நக்கினாலோ எச்சில் ஒழுகினாலோ அதையும் சொல். குமட்டலாக இருக்கலாம், அதற்கும் மருந்து உண்டு. வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலில் ஒரு துணுக்குகூடக் கொடுத்துவிடாதே. பூனையின் கல்லீரலால் அதைச் சரியாக முறிக்க முடியாது. இரத்தச் சிவப்பணுக்கள் கெட்டு உயிரே போய்விடும். ஐபுபுரூஃபனும் ஆபத்துதான். மருத்துவர் தந்த மருந்தையும் அவர் சொல்லாமல் உணவில் கலக்காதே. கசப்பு ஒருமுறை தட்டிவிட்டால் அந்த உணவையே வெறுத்துவிடுவான்.

வலி அடங்கிய பிறகு உணவு எளிதாகும். ஈர உணவை வெதுவெதுப்பான நீர் விட்டுக் கட்டியில்லாத கூழாக மசித்துக்கொள். பூனைக்குப் பசியைக் கிளப்புவது மணம்தான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே வைத்தால் மணமே எழாது. அவன் உடல் சூட்டளவுக்கு, அதாவது 38 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் போதும். மைக்ரோவேவில் வைத்தால் நன்றாகக் கலக்கி, விரலால் தொட்டுப் பார்த்த பிறகே வை; நடுவில் கொதிக்கும் இடம் ஒளிந்திருக்கும். ஆழமான கிண்ணம் வேண்டாம், அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பு. செல்லி தலையை ஒருபுறம் சாய்த்து, நாக்கின் நுனியால் மட்டும் ஓரத்திலிருந்து வழித்து வழித்துத் தின்பாள். தையல் இருந்த பக்கம் உணவே படாமல் பார்த்துக்கொள்வாள். நான் கைவிரலில் தொட்டு நீட்டினால் இன்னும் கொஞ்சம் இறங்கும். ஒரே வேளையில் நிறைய வைக்காமல், ஓரிரு ஸ்பூனாகப் பலமுறை கொடு.

தண்ணீர்க் கிண்ணம் குறையவே இல்லை என்று கலங்காதே. கூழை அவன் தின்றால் தண்ணீரும் சேர்ந்தே போகிறது. ஈர உணவில் முக்கால் பங்கு நீர்தானே. பூனை நீர் குடிக்கும் விதத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் அதிவேகக் காமிராவில் படம்பிடித்து 2010இல் வெளியிட்டார்கள். நாக்கின் நுனி நீர்ப்பரப்பைத் தொட்டு மேலே எழ, கூடவே ஒரு நீர்த்தூண் எழுகிறது. அது சரிவதற்குள் வாயை மூடிவிடுகிறது, நொடிக்கு ஏறக்குறைய நான்கு முறை! பற்களுக்கு அதில் வேலையே இல்லை. பனி போன்ற குளிர்நீரைத் தவிர்த்தால் போதும். வெங்காயம், பூண்டு, உப்பு எதுவும் சேராத இறைச்சிச் சாற்றைச் சிறிது கலக்கலாம். பால் வேண்டாம், பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும்.

சிரிஞ்சால் ஊட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். மருத்துவரே காட்டிக்கொடுத்தால் ஒழிய வேண்டாம். புண் வாயில் திணித்தால் மூச்சுக்குழலுக்குள் போகலாம், உணவின் மீதே பயம் பிடித்துவிடும். ஆனால் ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னவில்லை என்றால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. பட்டினி கிடக்கும் பூனைக்குச் சில நாட்களிலேயே கல்லீரலில் கொழுப்பு படியத் தொடங்கும். கரியனைப் போன்ற கொழுகொழு உடம்புக்காரர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். பசியைத் தூண்டும் மருந்து இருக்கிறது. உணவு செலுத்தக் குழாய் வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னாலும் பதறாதே. அதனால் பிழைத்துத் தேறும் பூனைகள் பல.

முதல் நாளில் எச்சில் இளஞ்சிவப்பாக இருப்பது வழக்கம்தான். புது இரத்தம் சொட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே தூக்கிக்கொண்டு போ. உதட்டைத் தூக்கித் தையலைப் பார்க்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள். கடினமான உலர் உணவு, கடிக்கும் பொம்மை இரண்டும் மறுபரிசோதனைவரை கண்ணில் படவே வேண்டாம். பெரும்பாலும் இரண்டு வாரம் ஆகும்.

பல் போனால் பிறகு எப்படிச் சாப்பிடுவான் என்ற உன் கவலைக்கு, செல்லியை வந்து பார். ஒரு பல்கூட இல்லாமல் இப்போது உலர் உணவையும் அப்படியே விழுங்குகிறாள். அழற்சி இருந்த காலத்தில் கொட்டாவி விடும்போதே அலறியவள் அவள்.

இன்றிரவு எவ்வளவு தின்றான், சிறுநீர் கழித்தானா என்று குறித்து வை. மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார். எனக்கும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
ராஜி