உன் முகம் பார்த்துத்தான் அந்த எண்ணைச் சொல்வேன்

அன்புள்ள கண்ணம்மா,

நீ சொன்ன குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பை அப்பாவின் மடிக்கணினியில் போட்டாகிவிட்டது. இனி மெல்பர்னில் இருந்தே நீ இதற்குள் வந்து பார்க்கலாம். அப்பா ஸ்கேன் செய்து வைத்துவிட்டுப் போன படங்கள் எதெது எங்கே கிடக்கிறது என்று எனக்குப் போனில் சொல்லத் தெரியவில்லை. நீயே வந்து பார்.

ஆரம்பத்தில்தான் திண்டாடிவிட்டேன். டவுன்லோட் ஆனதும் எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டேன். அந்தக் கோப்பைத் திறந்தால்தான் மென்பொருள் கணினியில் ஏறும் என்று அப்புறம்தான் புரிந்தது. திறந்தால் திரை மங்கி, கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கிறாயா என்று விண்டோஸ் கேட்டது. பயந்து 'நோ' அழுத்திவிட்டேன்.

மறுநாள் கணினியைப் பையில் வைத்துக்கொண்டு சமூக மன்றத்துக்குப் போனேன். கைப்பேசி, கணினி பழகச் சொல்லிக் கொடுக்கும் மின்னிலக்கத் தூதர்கள் இங்கே சிங்கப்பூரில் இருக்கிறார்களே, 2020இல் கொவிட் சமயத்தில் தொடங்கிய ஏற்பாடு, அவர்களைத் தேடித்தான். எனக்கு வாய்த்தது ஒரு மலாய்ப் பையன். விசைப்பலகையைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டான். "ஆன்ட்டி, யூ பிரெஸ்" என்று ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தான். அவனே செய்திருந்தால் 5 நிமிடம். எனக்கு 45 நிமிடம் ஆனது. அந்தப் பொறுமைக்கு அவன் நன்றாக இருக்க வேண்டும்.

நோட்டில் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். 'ஜெனரேட் கோட்' அழுத்தினால் 12 இலக்க எண் வரும். அது 5 நிமிடம்தான் செல்லும். அன்றைக்கு நீ ரயிலில் இருந்தபோது அனுப்பினேனே, வீடு சேர்வதற்குள் வீணாகிப் போனது அதனால்தான். இனி நீ கணினி முன் உட்கார்ந்த பிறகே அழுத்துவேன். நீ எண்ணைப் போட்டதும், இன்னாரை அனுமதிக்கவா என்று உன் மின்னஞ்சல் முகவரியோடு என் திரையில் கேட்கும். அது உன் முகவரிதானா என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் 'ஷேர்' கொடுப்பேன். 30 நிமிடத்துக்கு ஒருமுறை தொடரலாமா என்றும் கேட்குமாம். அதனால் அன்றைக்குச் சமையலை முன்பே முடித்துவிடுகிறேன்.

இவ்வளவு கவனமாக இருப்பதற்குக் காரணம் நம் புளோக் எட்டாம் மாடி அக்கா. வங்கியில் இருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவன் இதே மாதிரி ஒரு மென்பொருளைப் போடச் சொல்லித்தான் அவர் சேமிப்பை வழித்துக்கொண்டு போனான். அக்கா இன்னமும் லிப்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் ஏமாளி இல்லை, கண்ணம்மா. உதவி செய்கிறேன் என்று வந்தவனை நம்பிவிட்டார், அவ்வளவுதான். என்னை அப்படி யாராவது அழைத்தால் போனை வைத்துவிட்டு, இது மோசடியா என்று விசாரிக்கும் உதவி எண் 1799இல் கேட்பேன். அந்த எண்ணைக் குளிர்சாதனப் பெட்டி மேல் ஒட்டியிருக்கிறேன். அந்த அக்காவுக்கும் எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை 9 மணி, உனக்கு 11. அக்டோபரில் உங்கள் கடிகாரம் மாறிவிட்டால் 12. வீடியோவில் கூப்பிடு. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணைப் படிக்கிறேன். அப்பா பெயர் வைக்காமல் விட்ட கோப்புறை ஒன்று இருக்கிறது. பாலர் பள்ளிச் சீருடையில் நீ அழுதுகொண்டு நிற்கிறாய் அதில். முதலில் அதைத் திற, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா